ராசனுக்கு: வள்ளம் வாங்கிவிட்டேன்

ஸ்காபரோ, கனடா,
மே 3

அன்புள்ள ராசன்,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலிதான் போவதும் வருவதுமாய் இருக்கிறது. எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. பிழைதான், மன்னித்துக்கொள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன்னிடம் வாய் திறந்தால் பாதியில் குறுக்கே பாய்ந்து "எஞ்சின் என்ன, எத்தனை குதிரை" என்று தொடங்கிவிடுவாய். எனக்கு முழுவதையும் ஒழுங்காய்ச் சொல்லவேண்டும், அதனால் கடிதம்.

வள்ளம் வாங்கிவிட்டேன். 16 அடி, அலுமினியம். 40 குதிரைவலு மேர்க்குரி, ஃபோர் ஸ்ட்ரோக். உன் கேள்விக்கும் பதில் சொல்லியாயிற்று, இனி ஆறுதலாய்ப் படி.

போன கோடையில் சிம்கோ ஏரிக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து வடக்கே ஒரு மணி நேர ஓட்டம். 722 சதுர கிலோமீற்றர் ஏரி, கரையில் நின்று பார்த்தால் நம்முடைய கடல் மாதிரித்தான், உப்பு மணம் மட்டும் இல்லை. சிபால்ட் பாயிண்ட் பூங்காவில் பாயை விரித்து இருந்தோம். எதிரே ஜோர்ஜினா தீவு தெரிந்தது. சின்னவள் அதைக் காட்டி, "அப்பா, அங்கே எப்படிப் போறது?" என்று கேட்டாள். அது சிப்பேவா ஆதிக்குடி மக்களின் நிலம், கேட்காமல் போய் இறங்கக்கூடாது, ஆனால் வள்ளம் இருந்தால் சுற்றி வரலாம் என்றேன். "அப்ப வள்ளம் வாங்குவமே" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது அவ்வளவு சுலபம்.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். எல்லோரும் தண்ணீரைப் பார்த்து இருக்கிறோம். அம்மா மட்டும் கதிரையைத் திருப்பிப் போட்டு, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கார் நிற்கிற பக்கம் பார்த்தபடி இருக்கிறா. 23 வருடமாக இந்த நாட்டில் எத்தனை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்! ஒவ்வொரு தரமும் அப்படித்தான் இருந்திருக்கிறா. எனக்குத்தான் அன்றைக்குக் கண்ணில் பட்டது.

கிளாலிக் கடலேரி, ராசன். 93, யுத்தக் காலம். நீயும் அந்த வள்ளத்தில்தானே இருந்தாய். ஒரு எஞ்சின் வள்ளம் பின்னால் நாலைந்து வள்ளத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போக, நாங்கள் கடைசி வள்ளம். தங்கச்சி அம்மாவின் மடியில். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளி. அந்த இரவைப் பற்றி நீயும் நானும் ஒரு தரமும் கதைத்ததில்லை. இப்போதும் கதைக்கவேண்டாம். அந்த வள்ளத்தில் ஒருவருக்கும் மிதவை அங்கி இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் நான் வள்ளம் தேடிய கதை முழுவதும் அதைச் சுற்றித்தான்.

வதனியின் தம்பி, என் மச்சான் குகனை உனக்கு நினைவிருக்கும், கலியாண வீட்டில் உன்னோடு கரம் விளையாடித் தோற்றவன். அவனுக்கு வேகம் வேண்டும். 18 அடிப் பைபர் வள்ளம், உள்ளே 135 குதிரை எஞ்சின், அணியத்தில் மெத்தை வைத்த இருக்கை. படத்தில் வடிவுதான். விற்கிறவர் தொலைபேசியில் "தளம் கல்லுப் போல" என்றார். இரண்டு மணி நேரம் ஓடிப் போனோம். ஏறி நின்று நடுவில் குதிகாலை ஊன்றினேன், கம்பளத்துக்கு அடியில் நனைந்த பாணை மிதித்தது போல அமுங்கியது. தளத்துக்குக் கீழே இருக்கிற மரச்சட்டங்கள் ஊறி உக்கிவிட்டால் அதைத் திருத்துகிற செலவில் இன்னொரு வள்ளமே வாங்கலாம். அவரிடம் சொன்னேன். "எல்லாப் பழைய வள்ளமும் அப்படித்தான்" என்றார். எனக்கு வந்த கோபம்! என் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றப்போகிறேன் என்று முதலே சொல்லியிருந்தேன், அப்படியிருந்தும் ஒரு மனிதன் இதை மறைத்து விற்க நினைக்கலாமா? இன்றைக்கு நினைத்தாலும் ஆறவில்லை.

பொன்டூன் என்று ஒரு வகை இருக்கிறது. இரண்டு மூன்று அலுமினியக் குழாய் மேல் விறாந்தை போட்டது போல. வயதானவர்களுக்கு வசதி, ஆடாது, நடந்து திரியலாம். வதனி அதைத்தான் விரும்பினா. ஆனால் எங்கள் சியன்னா வான் 3,500 இறாத்தல் மட்டும்தான் இழுக்கும். நடுத்தரப் பொன்டூனை ட்ரெயிலரோடு சேர்த்தால் அந்த அளவை முட்டிவிடும், எங்களுக்கு நிறுத்த இடமும் இல்லை. அலுமினிய வள்ளமும் எஞ்சினும் ட்ரெயிலரும் சேர்ந்து அதில் பாதி கூட வராது. கல்லில் உரசினாலும் நெளியுமே தவிரப் பிளக்காது, ஊறி உக்கத் தளத்தில் கொஞ்ச மரம்தான்.

16 அடி ஏன் என்று கேட்பாய். 14 அடி ஐந்து பேருக்கு நெருக்கம். சிம்கோ பெரிய ஏரி, மத்தியானம் காற்று எழும்பினால் குட்டை குட்டையாய் அலை அடுக்கடுக்காக வரும், விளிம்பு உயரமாக இருக்கவேண்டும். அதே நேரம் அம்மா காலைத் தூக்கி வைத்து ஏறக்கூடிய உயரமாகவும் இருக்கவேண்டும். ஒரு நாள் இரவு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் முழங்கால் உயரத்தை அளந்தேன். "சட்டை தைக்கப் போறியோ?" என்று கேட்டா. அந்த அளவை எழுதிக் காசுப்பையில் வைத்துக்கொண்டு ஏழு வள்ளம் பார்த்தேன். ஏழாவதுதான் இது.

இனி உனக்குப் பிடித்த பகுதி. நீ குருநகரில் உன் பட்டறை வாசலில் வைத்து எனக்குக் காட்டித் தந்ததையெல்லாம் செய்தேன். எஞ்சினைச் சரித்துத் தூக்கி, காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பின்பலகை அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. புதுப்பானையைச் சுண்டிப் பார்ப்பது போலப் பலகை நெடுகத் தட்டினேன், எல்லா இடமும் ஒரே சத்தம். பிறகு கியர்ப் பெட்டியின் கீழ் ஆணியை இளக்கி ஒரு துளி எண்ணெயை விரலில் எடுத்தேன். தண்ணீர் போயிருந்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் வரும் என்றாயே, இது கரும்பச்சையாய்த் தெளிவாய் இருந்தது. மூன்று சிலிண்டரின் அமுக்கமும் ஒன்றுக்கொன்று பத்து வீத வித்தியாசத்துக்குள். தகடுகளைப் பிணைக்கிற றிவெற்று ஆணிகள் ஒழுகுகிறதா என்று பார்க்க உள்ளே தண்ணீரை நிரப்பிவிட்டு வெளியே குனிந்து நின்றேன். இரண்டு இடத்தில் மட்டும் வியர்வை போலக் கசிந்தது, அடைத்துவிடலாம். 9,500 டொலர், ட்ரெயிலரும் சேர்த்து. விற்றவர் வயதானவர். ஒவ்வொரு வருடமும் பனிக்கு முன் எஞ்சினில் என்ன செய்தார் என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் பேரம் பேச மனம் வரவில்லை.

ஒரு சந்தேகம் உன்னிடம் கேட்கவேண்டும், கடைசியில் எழுதுகிறேன்.

இங்கே மோட்டார் பூட்டிய வள்ளம் எதுவானாலும் ஓட்டுகிறவரிடம் அதற்கான அட்டை இருக்கவேண்டும், 2009 முதல் எல்லோருக்கும். 50 கேள்வி, 75 வீதம் எடுக்கவேண்டும், ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் போதும். நானும் மூத்தவனும் ஒன்றாக இருந்து படித்தோம். அவனுக்கு 14 வயது. 12க்கும் 16க்கும் இடையில் உள்ள பிள்ளை பெரியவர் துணை இல்லாமல் ஓட்டக்கூடிய உச்சம் 40 குதிரை. அதைப் படித்த நிமிடத்திலிருந்து இந்த வள்ளம் தனக்காகவே செய்யப்பட்டது என்று திரிகிறான். தனியே விடமாட்டேன். ஆனால் அந்தச் சந்தோசத்தை ஏன் கெடுக்கவேண்டும்?

வள்ளத்தின் உள்பக்கம் ஒரு தகடு ஒட்டியிருக்கிறது: எத்தனை பேர், எத்தனை கிலோ, எத்தனை குதிரை என்று. ஆறு பேர் என்கிறது. நான் ஐந்து பேருக்கு மேல் ஏற்றமாட்டேன் என்று குகனிடம் இப்போதே சொல்லிவிட்டேன். முகம் கறுத்துவிட்டது. கறுக்கட்டும். மிதவை அங்கி ஆளுக்கு ஒன்று வள்ளத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் சட்டம், போட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்று பெரியவர்களுக்கு இல்லை. என் வள்ளத்தில் உண்டு. கட்டிலிருந்து அவிழ்த்த நேரம் முதல் திரும்பக் கட்டும் வரை ஒருவரும் கழற்றக்கூடாது. குகன் கழற்றினால் கரைக்குத் திருப்புவேன். எஞ்சினை நிறுத்துகிற சிவப்புக் கயிறும் ஓட்டுகிறவர் உடம்பில் பூட்டியே இருக்கும். அதற்கு மேல் சட்டம் கேட்கிற 15 மீற்றர் எறிகயிறு, விசில், துடுப்பு, தண்ணீர் இறைக்கிற வாளி எல்லாம் வாங்கியாயிற்று.

இந்த மாத நடுவில் நீண்ட வார விடுமுறை வருகிறது. அன்றைக்கே இறக்கவேண்டும் என்று குகனும் பிள்ளைகளும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். வெயில் எறிக்கும், ஆனால் ஏரியில் பனிக்கட்டி போனதே சித்திரையில்தான். இங்கே மானிற்றோபாப் பல்கலைக்கழகத்தில் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் தன் உடம்பையே பனித்தண்ணீரில் இறக்கி ஆராய்ந்தவர். அவர் சொல்கிற கணக்கு 1-10-1: உறைகிற தண்ணீரில் விழுந்தால் மூச்சை ஒரு நிலைக்குக் கொண்டுவர ஒரு நிமிடம், அதன் பிறகு கைகால் சொல்வழி கேட்பது பத்து நிமிடம்தான், நினைவு தப்ப ஒரு மணி நேரம். குளிரில் விறைத்து இறப்பதற்கு வெகு முன்னமே, அந்த முதல் நிமிடத்தில் மூச்சுத் திணறித் தண்ணீரைக் குடித்துத்தான் பலர் போகிறார்கள். நீயும் நானும் வளர்ந்த கடல் அப்படிப்பட்டதில்லை, ராசன். விழுந்தால் நீந்தலாம் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதுதான் எனக்குப் பயம். ஆனி கடைசி வரை இறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இரண்டு நாள் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. சிம்கோ வழியாக ட்ரென்ற்-செவர்ன் என்று ஒரு நீர்வழி போகிறது, மொத்தம் 386 கிலோமீற்றர். அதில் பீற்றர்பரோவில் 1904இல் திறந்த ஒரு வள்ளத் தூக்கி இருக்கிறது. இரண்டு பெரிய தொட்டி. வள்ளத்தைத் தண்ணீரோடு ஒரு தொட்டியில் விட்டால், மற்றத் தொட்டியில் கொஞ்சம் கூடுதலாய்த் தண்ணீர் சேர்த்து அதன் பாரத்தாலேயே இதை 65 அடி மேலே தூக்கிவிடுவார்கள். நீ வந்தால் முதலில் உன்னை அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன். விசாவுக்கு எழுதிப் போட்டாயா, இல்லையா? மூன்று வருடமாகக் கேட்கிறேன். ஊரில் எல்லோருடைய எஞ்சினையும் ஓடவைக்கிறாய், உன் பத்திரங்களை மட்டும் ஓடவைக்க மாட்டேன் என்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை வள்ளத்தை வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து விட்டேன். பிள்ளைகள் ஏறி இறங்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஏறி, ஒரே சத்தம். பின்னேரம் எல்லோரும் உள்ளே போன பிறகு யன்னலால் பார்க்கிறேன், அம்மா வள்ளத்தைச் சுற்றி நடக்கிறா. கையால் விளிம்பைத் தடவிக்கொண்டு. நான் ஒன்றும் சொல்லாமல் சின்ன ஏணியை எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினா. நடு இருக்கையில் இருந்தா. சின்னவளின் செம்மஞ்சள் அங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் பூட்டைப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தா. பிறகு திரும்பி எஞ்சினைப் பார்த்தா, அதற்கும் பின்னால் தெருவைப் பார்த்தா.

"பின்னாலை எத்தினை வள்ளம் கட்டுவியள்?" என்று கேட்டா.

"ஒண்டும் இல்லையம்மா. இது மட்டும்தான் போகும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "அப்ப சரி" என்றா. பிறகு, தனக்கு இருக்கிற அங்கி எந்த நிறம் என்று கேட்டா.

வருவாவோ இல்லையோ தெரியாது. நான் கேட்கப்போவதில்லை. ஆனி கடைசியில் ஒரு காலை, காற்று எழும்ப முதல், வள்ளத்தைக் கரையோரம் ஒரு இறங்குதுறையில் கட்டி வைத்திருப்பேன்.

சரி, இப்போது சந்தேகம். குழாய்த் தண்ணீர் கொடுத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது பக்கத்துத் துளையால் வருகிற தண்ணீர் முதல் ஒரு நிமிடம் நூல் போலத்தான் வந்தது, பிறகு வேகம் பிடித்தது. கொப்பியின்படி பம்பின் ரப்பர்ச் சக்கரம் மாற்றி நாலு வருடம். மாற்றிவிடவா, அல்லது துளையில் சிலந்தி கூடு கட்டியிருக்குமா? ஓடுகிற சத்தத்தைப் பதிவு செய்து தங்கச்சியின் தொலைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் அடுத்த கிழமை யாழ்ப்பாணம் வரும்போது உனக்குக் கேட்கத் தருவாள். பட்டறையில் வைத்துக் கேட்காதே, வீட்டில் அமைதியாய் இருந்து கேள். உன் பதில் வரும் வரை கைவைக்கமாட்டேன்.

செல்விக்கும் பிள்ளைகளுக்கும் அன்பைச் சொல். அம்மா உன்னைக் கேட்டதாய் எழுதச் சொன்னா.

உன்
சேகர்