காத்திருந்தால் விலை இறங்குமா, முரளி?

மல்லேஸ்வரம், பெங்களூரு

அன்புள்ள முரளி,

அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் நலம்.

மும்பை லேமிங்டன் ரோட்டில் உள்ள உன் கடையில் விற்க நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கேம் கன்சோலை இப்போதே வாங்கி வைக்கலாமா, இல்லை, கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்குமா என்று கேட்டிருந்தாய். இறங்கும் என்று நம்பிக் காத்திருக்காதே.

நாம் பழகிய கணக்கு சோனியின் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) காலத்தது. 2000-இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பெட்டி, 2002-இல் 199, 2009-இல் 99 என்று இறங்கியது. சிப்பைச் சுருக்கச் சுருக்க ஒரே வேஃபரில் (சிப்புகளை வெட்டி எடுக்கும் சிலிக்கான் தட்டு) கூடுதல் சிப்புகள் கிடைத்தன. மின்சாரத் தேவை குறைந்து, விசிறியும் பவர் சப்ளையும் சிறுத்தன. பெட்டி சிறுத்ததால் ஒரு கன்டெய்னரில் ஏறும் எண்ணிக்கையும் கூடியது. பிஎஸ்5-இல் அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. 2020-இல் டிஸ்க் மாடல் 499 டாலர். 2025 ஆகஸ்டில் அது 549 டாலர் ஆனது. இத்தனைக்கும் நடுவில் 2022-இல் சிப்பை 7 நானோமீட்டர் தயாரிப்பு முறையிலிருந்து இன்னும் சிறிய 6-க்கு மாற்றினார்கள். புதுத் தொழில்நுட்பத்தில் வேஃபரின் விலையே ஏறிவிடுவதால், சுருக்கியதில் வரும் மிச்சம் அங்கேயே கரைகிறது.

அதைவிடப் பெரிய அடி மெமரி. பிஎஸ்5-க்கு 16 ஜிபி வேண்டும், ஸ்விட்ச் 2-க்கு 12 ஜிபி. உலகத்தின் டிரேமில், அதாவது இந்த மெமரி சிப்பில், பெரும்பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றின் கையில். ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போகும் எச்பிஎம் என்ற அதிவேக மெமரியில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் சாய்ந்தது. 2025 கடைசியில் சாதாரண டிரேம் விலை மளமளவென்று ஏறியது; டிசம்பரில் மைக்ரான் தன் சில்லறை பிராண்டான குருஷியலையே நிறுத்துவதாக அறிவித்தது. போன் கம்பெனி என்றால் மெமரி குறைந்த மாடல் ஒன்றைப் போட்டுச் சமாளிக்கும். கன்சோலில் அது நடக்காது. வந்திருக்கும் கேம்கள் எல்லாம் அந்த அளவை நம்பி எழுதப்பட்டவை. மெமரியைப் பழைய விலைக்குப் பேசிய ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டி விலையை ஏற்ற வேண்டும், அல்லது நஷ்டத்தைத் தாங்கி கேமிலும் சந்தாவிலும் எடுக்க வேண்டும்.

தட்டுப்பாட்டைப் பற்றியும் கேட்டிருந்தாய். பெரும்பாலும் ஒரே ஒரு பாகம்தான் எல்லாவற்றையும் நிறுத்தும். பிஎஸ்3-க்கு ப்ளூ-ரே டிஸ்க்கைப் படிக்கும் நீல லேசர் டையோடு போதாமல் ஐரோப்பிய வெளியீடு 2006 நவம்பரிலிருந்து 2007 மார்ச்சுக்குப் போனது. பிஎஸ்5 காலத்தில் சிப்பை உட்கார வைக்கும் ஏபிஎஃப் சப்ஸ்ட்ரேட்டுக்கும், மின்சாரத்தைச் சீராக்கும் மலிவான பவர் ஐசிகளுக்கும் பஞ்சம். ஒன்று குறைந்தாலும் மீதி எல்லாம் கிடங்கில் முடங்கும். அப்படி வந்த சொற்பச் சரக்கைப் பெட்டிக்கு அதிக கேம் விற்கும் நாட்டுக்குத்தான் முதலில் அனுப்புவார்கள். பந்தியில் நமக்குக் கடைசி வரிசை: அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 2020 நவம்பர் 12-இல் வந்த பிஎஸ்5 இங்கே 2021 பிப்ரவரி 2-இல்தான் வந்தது. நின்டெண்டோவுக்கு இங்கே அதிகாரபூர்வ விற்பனையே இல்லை.

இதில் உன் கடைக்கு முக்கியமானது ஜப்பான் பீஸ். 2025-இல் ஸ்விட்ச் 2 வந்தபோது அங்கே இரண்டு விலை: ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென், பன்மொழி மாடல் 69,980 யென். யென் மலிந்திருக்கும்போது வெளிநாட்டுக்காரர் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதற்கான பூட்டு இது. நின்டெண்டோவின் சொந்தக் கடையில் வாங்குவதற்கான குலுக்கலில் சேரவே பழைய ஸ்விட்சில் 50 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும், ஒரு வருட ஆன்லைன் சந்தாவும் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அப்படியும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2025 நவம்பரில் சோனியும் இதே வழியில் 55,000 யென்னுக்கு ஜப்பானிய மொழி பிஎஸ்5 டிஜிட்டலை இறக்கியது. மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது இந்த ஜப்பானிய மொழிப் பெட்டிகளை நீட்டினால் வாங்காதே. ஜப்பான் நாட்டுக் கணக்கு மட்டுமே இதில் சேரும். வாங்கிய வாடிக்கையாளர் மறுநாளே உன் கவுண்டரில் நிற்பார்.

ஒருவர் பயன்படுத்திய ஸ்விட்ச் 2-ஐ வாங்கும்போது பணம் கொடுக்குமுன் வைஃபையில் இணைத்து, நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பைத் திறந்து பார். 2124-4508 என்ற பிழை வந்தால் அந்தப் பெட்டிக்கு ஆன்லைன் தடை. தடை பெட்டியோடு ஒட்டியது, கணக்கை மாற்றினாலும் போகாது. அடுத்து, டிவியோடு இணைக்கும் டாக்கில் போட்டு டிவியில் படம் வருகிறதா பார். இதற்கு 60 வாட் அடாப்டர் வேண்டும். பழைய ஸ்விட்சின் 39 வாட் அடாப்டரைச் செருகிவிட்டு டாக் கெட்டுப்போனது என்று சொல்பவர்கள் உண்டு. மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு கொஞ்சம் ஸ்டாக் வை. சாதாரண கார்டில் கேம் ஏறாது, உள்ளே இருப்பதோ 256 ஜிபி. கேம்-கீ கார்டு என்று அட்டையில் போட்டிருந்தால் கேம் முழுவதையும் டவுன்லோடு செய்ய வேண்டும் என்பதை விற்கும்போதே சொல்லிவிடு. பிஎஸ்5 ஸ்லிம்மில் கழற்றி மாட்டும் டிஸ்க் டிரைவுக்கும் முதல் முறை இன்டர்நெட் கட்டாயம்.

கடைசியாக, பில். கன்சோலுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பில் இல்லாத சரக்கில் உனக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. நீ விற்கும்போது கட்டும் வரி முழுவதும் உன் மார்ஜினிலிருந்து போகும். வீடியோ கேம் சாதனங்களுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவும் கட்டாயம். வாரன்டி இல்லை என்பதை ரசீதிலேயே எழுது. முதல் சுற்றில் பன்மொழிப் பெட்டிகளாகக் குறைவாக எடு. ஓடாமல் தங்கும் ஸ்டாக்கைவிட இரண்டு நாள் ‘இல்லை’ என்று சொல்வது மேல்.

உனக்குச் சரக்கு தரும் வியாபாரி தந்த விலைப் பட்டியலைப் போட்டோ எடுத்து அனுப்பு. மாடல் எண்களைப் பார்த்துவிட்டு எதை எடுக்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்