நியெரேரேயின் கோப்பில் லிட்டோவாவையும் சேருங்கள்

முசோமா மறைமாவட்டத்தாருக்கும், ரோமில் புனிதர் பட்டப் பணிகளைப் பார்க்கும் பெரியவர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்.

தான்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நியெரேரேயை, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தும் முயற்சி 2005இல் தொடங்கியது. அது நடக்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்துத் தேவசகாயம் 2022இல் புனிதரானதைப் பார்த்தவர்கள் நாங்கள், குடும்பஸ்தர் ஒருவர் பீடமேறுவது எங்களுக்குப் புதிதில்லை.

தகுதிக்கும் குறைவில்லை. 1961இல் போர் இல்லாமலே, இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதியான தாங்கனீக்காவுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தார், அடுத்த மாதமே கட்சியை ஊர் ஊராகக் கட்ட வேண்டும் என்று பிரதமர் பதவியை விட்டார். அப்புறம் ஜனாதிபதியாகி, 1985இல் தானாகவே இறங்கி, சொந்த ஊரான புட்டியாமாவுக்குப் போய் விவசாயம் பார்த்தார்.

ஆனால் அவரைப் புகழும்போது நம் ஆட்கள் உஜாமா கிராமங்களை, அதாவது மக்கள் ஒன்றாகக் குடியிருந்து கூட்டாக உழைத்து வாழும் அவருடைய திட்டத்தைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. தான்சானியாவின் தெற்கே ருவுமா பகுதியில், லிட்டோவா என்ற ஊரில் தொடங்கி, பல ஊர்க்காரர்கள் யாரும் கட்டாயப்படுத்தாமல் தாங்களாகவே சேர்ந்து பயிர்செய்து, பள்ளிக்கூடம் நடத்தி, பொதுவில் மாவு மில் வைத்து வாழ்ந்துகாட்டினார்கள். நியெரேரே ஆசைப்பட்ட உஜாமா அதுதான், அவரே அதை மெச்சினார். அதைத்தான் 1969 செப்டம்பரில் அவருடைய கட்சியின் மத்தியக் குழு தடைசெய்து சொத்துகளையும் எடுத்துக்கொண்டது. கட்சித் தலைவர் அவர், தடுத்து நிறுத்தவில்லை. நான்கு வருஷம் கழித்து, 1976க்குள் எல்லோரும் கிராமங்களில் குடியேறியாக வேண்டும், இது உத்தரவு என்று அவரே அறிவித்தார். லாரியில் ஏற்றி வெறும் பொட்டலில் இறக்கிவிடப்பட்டவர்கள் உண்டு, திரும்பிப் போகக்கூடாது என்று வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டவர்களும் உண்டு. விசாரணையின்றிச் சிறையில் வைக்கும் சட்டமும் 1962இல் அவர் கட்சியின் ஆட்சியில் வந்ததுதான்.

இதையெல்லாம் அவரைத் தடுத்து நிறுத்த எழுதவில்லை. உள்ளாட்சி அமைப்புகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் கலைத்தது தப்பு என்று பதவியில் இருந்தபோதே, 1984இல், ஒத்துக்கொண்ட மனிதர் அவர். அவர் மறைக்காததை நாம் எதற்கு மறைக்க வேண்டும்?

வீடு இழந்தவர்களில் அன்று இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டியிருக்கும். அவர்கள் இருக்கும்போதே ருவுமாவுக்கு ஆள் அனுப்பி, அவர்கள் சொல்வதை சுவாஹிலியிலேயே எழுதி வாங்கிக் கோப்பில் சேருங்கள்.

அன்புடன்,
ஒரு பொதுநிலை விசுவாசி