ஏற்காடு ஏறிவரும் நடைக்குழுக்களுக்கும் பைக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

சேர்வராயன் மலையில் நீங்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதைகள் பலவும் நாங்கள் ஆடுமாடு ஓட்டிப் போகிற தடங்கள். அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

மிஞ்சிய பிரியாணியையும் ரொட்டியையும் ஆட்டுக்கு வைக்காதீர்கள். புண்ணியம் என்று நினைத்துத்தான் வைக்கிறீர்கள், தெரியும். ஆனால் தழை தின்று பழகிய வயிற்றில் சோறு சட்டென்று புளித்து அமிலமாகிவிடும். அசைபோடுவது நிற்கும், வயிறு உப்பும், கழியும், ஆடு தள்ளாடும். ஓரிரு நாளில் செத்தும் போகலாம். ஆளுக்கொரு கைப்பிடிதானே என்று பத்துப் பேர் வைத்தால் ஒரே ஆட்டுக்குள் ஒரு கிலோ சோறு போய்விடுகிறது.

அதைவிடக் கொடுமை பிளாஸ்டிக். கேரி பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மலைக்கு வருகிற சாப்பாடு இன்னும் அதில்தான் வருகிறது. உப்பு ஒட்டிய பையை மாடு அப்படியே விழுங்கிவிடும். செரிக்காது, சாணத்தோடும் வராது. முதல் வயிற்றிலேயே கிடந்து மாதக்கணக்கில் சுருண்டு கட்டியாகிறது. மாடு தீனி எடுக்காமல் மெலியும்போதுதான் நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு விலாப்பக்கம் கிழித்து எடுப்பதுதான் வழி. காட்டெருமைக்கு யார் கிழித்து எடுப்பது? திறந்த குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள், குரங்கு இறைத்துவிடும். முடிச்சுப் போட்டுச் சேலத்துக்கே கொண்டுபோங்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே மந்தை எதிர்ப்பட்டாலும் இடப்பக்கம் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஹாரன் அடித்தால் தாய் ஆடு ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம் சிதறிப் பள்ளத்தில் இறங்கிவிடும். நடந்து வருகையில் மாடு எதிரே வந்தால் மேட்டுப்பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப்பக்கம் நின்றால் லேசாக உரசினாலே விழுந்துவிடுவீர்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியோடு மட்டும்.

மாசி முதல் சித்திரை முடிய அடுப்பு, சிகரெட் எதுவும் வேண்டாம். புல் எரிந்தால் மழை வரும்வரை மேய்ச்சல் இல்லை. எரிந்த இடத்தில் உண்ணிச்செடி அடர்ந்துவிடும். பசியில் அதைத் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெட்டுக் காமாலை வரும், வெயில் படும் தோல் வெடித்து உரியும்.

எழ முடியாமல் கிடக்கிற ஆட்டையோ மாட்டையோ பார்த்தால் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். நிழல் மட்டும் செய்துவிட்டு 1962க்குப் பேசுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. பக்கத்து ஊரிலும் ஒரு குரல் கொடுங்கள்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலையில் ஆடுமாடு மேய்ப்பவர்கள்