ஆணி ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு, இப்போ நன்றி

நேத்து சாயங்காலம் கடைசி ஃப்ரேமையும் கழட்டி பபிள் ராப்ல சுத்தி வெச்சுட்டு, சுவத்துல இருந்த ஆணி ஓட்டைக்கெல்லாம் புட்டி பூசிட்டு வந்தேன். என்னோட முதல் போட்டோ கண்காட்சி, பத்து நாள் ஓடுனதே தெரியல. ஓப்பனிங் அன்னைக்கு மைக்கை கையில குடுத்தப்போ தொண்டை அடைச்சுக்கிச்சு, "எல்லாருக்கும் நன்றி"ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டு ஓடி வந்துட்டேன், அந்த பாக்கியைத்தான் இப்போ தீர்க்கறேன்.

முதல்ல கேலரி நடத்துற அக்கா. ஒரு ஷோ கூட பண்ணாதவனுக்கு சுவத்தை குடுக்கறதுக்கு ஒரு துணிச்சல் வேணும். ஒரே ரூம் தானேக்கான்னு நான் கொஞ்சம் இழுத்தேன், அதுக்கு அவங்க "நியூயார்க்ல ஸ்டீக்லிட்ஸ்னு ஒரு போட்டோகிராஃபர் 1905ல ஆரம்பிச்ச 291ங்கற கேலரியும் சின்ன சின்ன ரூம் தான், பிக்காசோவோட முதல் அமெரிக்க ஷோ 1911ல அங்க தான் நடந்துச்சு, நீ பேசாம படத்தை எடுத்துட்டு வா"ன்னாங்க. அப்புறம் நான் ஏன் வாயை தொறக்கறேன்.

ராத்திரி ஷிஃப்ட் வேலை பாக்குறவங்கள எடுத்த படங்கள்ல 70ஐ பொறுக்கி வெச்சிருந்தேன். என் நண்பன் சின்ன சின்ன பிரிண்டா தரையில பரப்பி வெச்சு 22 ஆக்கிட்டான். நாலு ராத்திரி காத்துக்கிடந்து எடுத்த படத்தை தூக்கி ஓரமா வெச்சப்போ செம்ம கோவம் எனக்கு. "நீ காத்திருந்தது படத்துல எங்கடா தெரியுது?"ன்னு கேட்டான். ரெண்டு நாள் பேசல. சுவத்துல மாட்டினப்புறம் பார்த்தா அவன் சொன்னது தான் சரி, இதை நேர்ல ஒத்துக்க மாட்டேன், இங்க சொல்லிட்டேன்.

பிரிண்ட் போட்டு குடுத்த அண்ணனுக்கு தான் பெரிய கும்பிடு. முதல் டெஸ்ட் பிரிண்ட் பூரா கரி மாதிரி இருட்டா வந்துச்சு, நான் அவர் மெஷினை சந்தேகப்பட்டேன், அவர் சிரிச்சுக்கிட்டே "மானிட்டர் பிரைட்னஸை எவ்ளோ வெச்சிருக்கீங்க தம்பி?"ன்னார். ஃபுல்லா வெச்சிருந்தேன்! ஸ்க்ரீன் தானா வெளிச்சம் விடும், பேப்பர் தன் மேல விழுற வெளிச்சத்தை திருப்பி தான் காட்டும், அதனால பிரைட்னஸை 120 நிட்ஸ் (ஸ்க்ரீன் வெளிச்சத்தை அளக்கற அளவு) பக்கத்துல இறக்கி திரும்ப எடிட் பண்ண சொன்னார். 22ஐயும் முதல்லேருந்து உட்கார்ந்து பண்ணேன். பெருசா போடணும்னு நான் அடம் பிடிச்சப்பவும், உங்க ஃபைல் 6000க்கு 4000 பிக்சல், 300 டிபிஐக்கு, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி வெச்சா, 20 இன்ச் அகலம் தான் வரும், இந்த ரூம்ல கிட்ட நின்னு தான் பார்ப்பாங்க, அதுக்கு மேல இழுக்காதீங்கன்னு நிறுத்தினதும் அவர் தான்.

ஃப்ரேம் போட்டவருக்கும் நன்றி, பிரிண்ட் கண்ணாடியில ஒட்டிக்கக்கூடாதுன்னு நடுவுல ஆசிட் ஃப்ரீ மவுண்ட் போர்டுங்கற கெட்டி அட்டை வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி தூசி போகாம டேப் ஒட்டி குடுத்தார்.

மாட்டுறதுக்கு வந்த ரெண்டு காலேஜ் பசங்க, அடேயப்பா. படத்தோட நடுப்பகுதி தரையிலேருந்து 57 இன்ச்ல வரணும், ஃப்ரேம் உயரம் 24ன்னா அதுல பாதி 12 கூட்டு, பின்னாடி கம்பி மேல் விளிம்புலேருந்து 3 இன்ச் கீழ நிக்குதுன்னா அதை கழி, 66ல ஆணி அடின்னு ராத்திரி ஒரு மணிக்கு மனக்கணக்கு போட்டுட்டு இருந்தாங்க. நான் அடிச்ச ஒரே ஆணி தான் கோணல், அதையும் புடுங்கி திரும்ப அடிச்சாங்க.

படத்துல இருக்கறவங்க இல்லாம எதுவும் இல்ல. மூணாவது நாள், படத்துல இருக்கற செக்யூரிட்டி ஐயா டூட்டிக்கு போற வழியில யூனிஃபார்மோட வந்தார். செருப்பை வாசல்ல கழட்ட போனார், வேணாம்னு சொல்லியும் கேக்கல. தன் படத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டு, மெதுவா என் காதுகிட்ட வந்து "தம்பி, இதுல நான் தூங்குற மாதிரி தெரியலையே?"ன்னார். இல்லைங்கய்யா, நல்லா முழிச்சிட்டு தான் இருக்கீங்கன்னேன். அந்த ஃப்ரேம் விக்கறதுக்கு இல்ல, அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு போகுது.

வந்து பார்த்தவங்க, கெஸ்ட் புக்ல எழுதினவங்க, எழுதாம கையை மட்டும் அழுத்திட்டு போனவங்க, எல்லாருக்கும் நன்றி. அப்புறம் யாரோ கெஸ்ட் புக் பக்கத்துல மூக்குக்கண்ணாடியை வெச்சுட்டு போயிட்டீங்க, பிரவுன் கூடு, அக்காகிட்ட பத்திரமா இருக்கு, வந்து வாங்கிக்கோங்க.