புகார் வந்த அன்றே ஸ்லைடுகளை எடுங்கள்
அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என் அம்மாவின் பயாப்சி முடிவுக்காக ஒருமுறை பத்து நாள் காத்திருந்தேன். தாள் கைக்கு வந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்த்தேன். கீழே கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்கத் தோன்றவே இல்லை. யாருக்கும் தோன்றாது. திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைக் கண்டறியும் நோயியல் துறை மருத்துவரை நோயாளி நேரில் பார்ப்பதே இல்லை. அவர் எந்த நிலையில் வேலைக்கு வருகிறார் என்பது அவரோடு வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆர்கன்சா மாநிலம் ஃபேயட்வில் படைவீரர் மருத்துவமனையில் அப்படித்தான் ஆனது. ராபர்ட் மோரிஸ் லெவி 2005-இல் அங்கே நோயியல் துறைத் தலைவராகச் சேர்ந்தார். வேலை நேரத்தில் குடித்திருக்கிறார் என்ற புகார் 2015-இல் விசாரணைக்கு வந்தது. குழு அவரைக் கூப்பிட்டுக் கேட்டது. அவர் மறுத்தார். தொடர்ந்து வேலைக்கும் வந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் பணியில் இருந்தபோதே அவர் ரத்தத்தில் ஆல்கஹால் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் இருந்தது. வண்டி ஓட்டுவதற்கு அங்கே சட்டம் வைத்திருக்கும் எல்லை 0.08.

அப்புறம் மறுவாழ்வுச் சிகிச்சை, மது தொடமாட்டேன் என்ற ஒப்பந்தம், மறுபடியும் மைக்ரோஸ்கோப் முன்னால். வழக்கமான சோதனையில் சிக்காத, ஆனால் போதை தரும் ஒரு வேதிப்பொருளை அவர் வாங்கிப் பயன்படுத்தினார். 42 முறை சோதித்தும் ஒருமுறைகூட மாட்டவில்லை.

2018-இல்தான் வேலை போனது. வெளி மருத்துவர்களை வைத்து, அவர் பார்த்த ஏறக்குறைய 34,000 பரிசோதனைகளின் முடிவுகளை மறுபடியும் படித்தார்கள். 3,000-க்கும் மேல் தவறுகள். அவற்றில் 500-க்கும் மேற்பட்டவை சிகிச்சையையே பாதிக்கக்கூடிய பெரிய தவறுகள். ஒரு படைவீரருக்கு இருந்தது ஒரு வகைப் புற்றுநோய், லெவி எழுதியது வேறு வகை. அந்தப் படைவீரர் இறந்துபோனார். அந்த முடிவை இன்னொரு மருத்துவரும் ஒப்புக்கொண்டதாக லெவி பதிவேட்டில் பொய்யாக எழுதியிருந்தார். 2021 ஜனவரியில் அவருக்கு 20 ஆண்டுச் சிறை கிடைத்தது.

என் மனதை அறுப்பது தண்டனைக்கு முந்திய ஆண்டுகள்தான். 2018-இல் அத்தனையையும் காட்டிக்கொடுத்த ஸ்லைடுகளில், அதாவது திசுவை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துண்டுகளில், பெரும்பாலானவை 2015-இலேயே மருத்துவமனையின் கையில் இருந்தவை. குடித்தீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். ஸ்லைடு அப்படிச் சொல்லாது. ஐம்பது ஸ்லைடுகளை எடுத்து, பெயரை மறைத்து, வேறு மாநிலத்து மருத்துவரிடம் கொடுத்திருந்தால் போதும். சில வாரங்களில் துறையின் நிலை தெரிந்திருக்கும்.

துறைக்குள் சரிபார்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது, இருந்தது. ஆனால் தலைவரின் வேலையைச் சரிபார்த்தவர் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். மேலதிகாரியின் முடிவு தப்பு என்று எழுத எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? உங்கள் தலைமை ஆய்வாளர் அலுவலகமே 2021 ஜூன் அறிக்கையில் இதைச் சொன்னது: பழிவாங்கப்படுவோமோ என்று சிலர் பயந்தார்கள், வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று சிலர் நினைத்தார்கள். அந்த ஊழியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்துத்தானே மற்றவர்கள் வாய் திறப்பார்கள்?

அதனால் நான் கேட்பது இதுதான். ஒரு துறையின் மேல் புகார் வந்தால் அந்தத் துறைத் தலைவரின் விளக்கத்தோடு நிறுத்தாதீர்கள். அவர் செய்த வேலையை அன்றே வெளியாளிடம் அனுப்புங்கள். துறைத் தலைவரின் ஸ்லைடுகளை எந்த நாளிலும் அவருக்குக் கீழே இருப்பவர் சரிபார்க்கக் கூடாது என்று விதி போடுங்கள். ஆய்வகத் தொழில்நுட்பர்களையும் இரவுப் பணியாளர்களையும் மேலதிகாரி இல்லாத அறையில் உட்கார வைத்துக் கேளுங்கள். புகார் கொடுத்தவருக்கு, என்ன பார்த்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று தேதி போட்டு எழுத்தில் பதில் அனுப்புங்கள். முடிவு தவறு என்று தெரிந்தால், செய்தி வெளியே வரும்வரை காத்திருக்காமல் அந்தப் படைவீரரின் வீட்டுக்கு முதலில் போன் செய்யுங்கள்.