அரங்கேற்றம் முடிந்தது, இரண்டாவது கச்சேரி எப்போது?

ஆர்கெஸ்ட்ரா நிர்வாகிகளுக்கு, குறிப்பாக சீசனுக்கு சீசன் நிகழ்ச்சி நிரல் போடுகிறவர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் டிக்கெட் வரிசையில் நிற்கிறவர்களில் சிலருக்குத் தெரியும், அவர்கள் படித்துவிட்டு வந்து சொல்லட்டும்.

விஷயம் இதுதான். வயோலா என்பது வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, கீழ்க்குரல் வாத்தியம். அது தனியாக முன்னே நின்று ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்புதான் வயோலா கான்செர்டோ. புதிதாக எழுதப்படும் அப்படியொரு கான்செர்டோவை ஒரே ஒரு தடவை வாசித்துவிட்டுப் பரணில் போட்டுவிடுகிறீர்கள். 'உலகில் முதன்முறையாக' என்று போஸ்டரில் கொட்டை எழுத்தில் அடிக்க முடிகிறவரைதான் உங்களுக்கு அதில் ஆசை. இரண்டாவது தடவை வாசிப்பதற்குப் போஸ்டரில் போட ஒரு வார்த்தையும் இல்லை, அதனால் இரண்டாவது தடவையே இல்லை. சில வருடங்களுக்கு முன் அப்படி ஓர் அரங்கேற்றத்துக்குப் போயிருந்தேன். கைதட்டல் அடங்கவே ரொம்ப நேரம் ஆனது, இசையமைப்பாளர் மூன்று முறை மேடைக்கு வந்து கும்பிட்டார். அதற்கப்புறம் அந்தப் படைப்பை நான் எங்கேயும் கேட்கவில்லை, எந்த நிரலிலும் பார்க்கவும் இல்லை.

வயோலா மேல் உனக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்கள். என் அக்கா மகள் பள்ளி இசைக்குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தாள். வயோலாவுக்கு ஆள் இல்லை என்று அவளை அதற்கு மாற்றிவிட்டார்கள் (வயோலாக்காரர்களில் நிறையப் பேர் இப்படித்தான் உருவாகிறார்கள் போல). முதல் மாதம் முழுக்கத் தோள்பட்டை வலி. ஆல்டோ கிளெஃப் (வயோலாவின் இசைத்தாளில் போடும் சுரக்குறி) பிடிபடாமல் தாளில் ஒவ்வொரு புள்ளிக்கு மேலேயும் பென்சிலால் சுரத்தின் பெயரை எழுதி வைத்திருந்தாள். ஒரு நாள் சமையலறையில் நின்றுகொண்டு அவள் கடைசித் தந்தியை மட்டும் மெதுவாக இழுத்ததைக் கேட்டேன். வயலினில் கிடையாத தந்தி அது. அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது.

அந்தக் குரலில்தான் சிக்கலும் இருக்கிறது. வயலினிலிருந்து ச-ப தூரம் கீழே சுருதி. அந்தக் கணக்குக்குச் சரியாகச் செய்தால் வாத்தியத்தின் உடல் வயலினைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 53 சென்டிமீட்டர் வர வேண்டும். அதைத் தாடைக்கடியில் வைத்து யாராலும் வாசிக்க முடியாது. அதனால் 40 சென்டிமீட்டர் சொச்சத்தில் நிறுத்திவிட்டார்கள், குரலும் கொஞ்சம் மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. தனியாகக் கேட்டால் சொக்கிப்போகலாம். (பாலமுரளிகிருஷ்ணா இதைக் கர்நாடகக் கச்சேரியிலேயே வாசித்தவர், அவருக்குத் தெரியாததா!) ஆனால் பின்னால் எழுபது பேர் ஊதி, இழுத்து, தட்டும்போது அந்தக் குரல் சட்டென்று அமுங்கிவிடும். மொஸார்ட்டே 1779இல் வயலினையும் வயோலாவையும் ஜோடியாக வைத்து எழுதியபோது வயோலாவை மட்டும் அரை சுரம் ஏற்றிச் சுருதி சேர்க்கச் சொன்னார், இல்லாவிட்டால் வயலின் அதை விழுங்கிவிடும் என்று.

இந்தக் குரல் எங்கே அமுங்கும், எங்கே மேலே வரும் என்பது ஆர்கெஸ்ட்ராவின் வயோலா வரிசையில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்குக் கையிலேயே இருக்கும். பிரெட் டீனைப் பாருங்கள். பிரிஸ்பேன்காரர், 1985 முதல் 1999 வரை பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் வயோலா வாசித்தார், அப்புறம் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இசை எழுத ஊர் திரும்பினார். 2002இல் தன் பழைய வரிசைக்காரர்களுக்காகப் பன்னிரண்டு வயோலாவுக்கு ஒன்று எழுதினார். பீத்தோவன் தன் காது போய்க்கொண்டிருப்பதைப் பற்றி எழுதி வைத்த கடிதத்திலிருந்து பிறந்தது அது. அதில் சில இடங்களில் ரோசின் (வில்லில் தேய்க்கும் பிசின்) தடவாத வில்லால் இழுக்கச் சொல்கிறார். ரோசின் இல்லாவிட்டால் வில் தந்தியைப் பிடிக்காது, வழுக்கும், சத்தத்துக்குப் பதில் வெறும் மூச்சுதான் வரும். என்னைக் கேட்டால், வில் பிடித்துப் பழகாதவருக்கு இந்த யோசனை வரவே வராது. 2004இல் அவர் வயோலா கான்செர்டோ எழுதி, அடுத்த வருடம் லண்டனில் பிபிசி சிம்பொனி இசைக்குழுவோடு தானே நின்று வாசித்தார்.

தானே வாசித்தார் என்பதில்தான் எனக்குப் பயம். எழுதியவரே வாசிக்கும்போது நீங்கள் ஆளையும் படைப்பையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுகிறீர்கள். அவரை அழைக்க முடிந்தால் படைப்பு உண்டு, அவருக்கு வேறு வேலை வந்துவிட்டால் படைப்பும் இல்லை. அவருக்கு வயதானால்? ஒரு கான்செர்டோ பிழைப்பது வேறொருவர் கைக்குப் போகும்போதுதான்.

வால்டன் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். இங்கிலாந்து இசையமைப்பாளர் வால்டன், பேர்போன வயோலாக்காரர் லியோனல் டெர்டிஸை மனதில் வைத்து எழுதிய வயோலா கான்செர்டோ. டெர்டிஸ் பார்த்துவிட்டு, இந்த நவீனமெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று திருப்பி அனுப்பிவிட்டார். 1929 அக்டோபரில் லண்டனில் அதை வாசித்தவர் ஹிண்டமித், அவரும் வயோலாக்காரர், அவரும் இசையமைப்பாளர். (இவர்தான் 1936 ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இறந்ததும் பிபிசி அலுவலகத்தில் காலை 11 மணிக்கு உட்கார்ந்து மாலை 5 மணிக்குள் ஓர் இரங்கல் இசையை எழுதி, வானொலியில் தானே வயோலா வாசித்தவர்.) பிற்பாடு டெர்டிஸே மனம் மாறி வால்டனின் கான்செர்டோவை வாசித்தார். வேறு வேறு கைகளில் அது மேடையேறிக்கொண்டே இருந்தது. 1961இல், முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து, வால்டன் திரும்ப உட்கார்ந்து ஊதுவாத்தியங்களைக் குறைத்தார், ஹார்ப் ஒன்றைச் சேர்த்தார். ஒரே தடவையோடு அது பரணுக்குப் போயிருந்தால் யார் போய் அதைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்?

செலவு என்பீர்கள். தெரியும். புதிய படைப்பின் தாள்களைப் பதிப்பாளரிடம் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும், ஒவ்வொரு கச்சேரிக்கும் தனிப் பணம். ஒத்திகையும் பழகிய பிராம்ஸுக்கு ஆகிறதைவிடக் கூடுதலாகத்தான் வேண்டும். சரி, அந்தப் பணத்தை வேறு ஓர் இடத்தில் மிச்சம் பிடியுங்கள். தனி வாசிப்பாளரை விமானத்தில் அழைத்து வராதீர்கள், ஹோட்டல் போடாதீர்கள். உங்கள் ஆர்கெஸ்ட்ராவிலேயே வயோலா வரிசையின் முதல் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் மாதாமாதம் சம்பளம் கொடுக்கிற ஆள். அவரிடம் கேளுங்கள்: போன ஐந்து வருடத்தில் அரங்கேறிய வயோலா கான்செர்டோக்களில் உனக்கு எது பிடித்திருக்கிறது, எதை வாசிக்கிறாய்? அவரிடம் ஒரு பட்டியல் தயாராக இருக்கும் என்பது என் பந்தயம்.

பல அரங்குகளில் வயோலாக்காரர்கள் எங்கள் பார்வைக்கு வலதுகோடியில் உட்காருகிறார்கள். அங்கே வாத்தியத்தின் ஒலித்துளைகள் எங்களைப் பார்க்காமல் மேடையின் பின்சுவரைப் பார்க்கின்றன. இசைக்குழு நடத்துநர் நிற்கும் மேடையைச் சுற்றி எங்கள் இடதுபக்கம் அந்த முதல் நாற்காலிக்காரர் நாலடி எடுத்து வைத்தால் போதும், அந்தத் துளைகள் எங்கள் பக்கம் திரும்பிவிடும். அந்த நாளுக்கு எனக்கு இரண்டு டிக்கெட், அக்கா மகளுக்கும் சேர்த்து. இடதுபக்கமாகக் கிடைத்தால் நல்லது.