பழைய மஸ்கெலியாவின் கோப்புகளைத் திறந்துவிடுங்கள்

எரிசக்தி அமைச்சுக்கும், லக்ஷபான நீர்மின் தொகுதியை நிர்வகிப்பவர்களுக்கும்,

வணக்கம். இலங்கையின் மத்திய மலைநாட்டில், மஸ்கெலியா ஓயாவை மறித்துக் கட்டிய மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் கரையில் வாழும் மலையகத் தமிழர்களில், அதாவது தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்களில், ஒருவராக இதை எழுதுகிறேன். 1969இல் அணை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமும் அதையொட்டிய நிலங்களும் தண்ணீருக்குள் போயின. அந்த நகரத்தையும் நிலங்களையும் பற்றி அரசிடம் இருக்கும் வரைபடங்கள், காணிக் கோப்புகள், நிழற்படங்கள் அனைத்தையும் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மின்சாரம் வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா என்ற இரண்டு ஆறுகளும் மலையிறங்கும் வேகத்தில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று 1918இலேயே எழுதிக்காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் சொன்னது கைகூட 1950 ஆயிற்று. அந்த ஆண்டு பழைய லக்ஷபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ, 1969இல் மவுஸ்ஸாகலை, 1974இல் புதிய லக்ஷபான, 1983இல் கெனியன் என்று அணைகளும் மின் நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்று மவுஸ்ஸாகலையில் தேங்கும் தண்ணீர் கெனியனில் ஒரு தரம், புதிய லக்ஷபானவில் ஒரு தரம், பொல்பிட்டிய மின் நிலையத்தில் இன்னொரு தரம் சுழலிகளைச் சுற்றிவிட்டுத்தான் களனி கங்கையாகக் கொழும்பை நோக்கிப் போகிறது. நாட்டின் வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் வெளிச்சம் கொடுத்த ஆறு எங்கள் ஆறு என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் அணை கட்டி முடித்து வருடக்கணக்கான பிறகும் எங்கள் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எரிந்தது குப்பி லாம்புதான். உயர் அழுத்தக் கம்பிகள் கூரைக்கு மேலே போக, அதன் கீழே பிள்ளைகள் மண்ணெண்ணெய்ப் புகையில் பாடம் படித்தார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1947 பொதுத் தேர்தலில் மஸ்கெலியாத் தொகுதியில் வென்றவர் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஜி. ஆர். மோத்தா. தோட்டத் தொழிலாளர் போட்ட வாக்கில் அவர் நாடாளுமன்றம் போனார். அடுத்த வருடமே எங்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிய பிரசாவுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அதே தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்கு வாக்குச்சீட்டு இல்லை. மலையகத் தமிழரின் பிரதிநிதியாகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனது 1977இல்தான். மவுஸ்ஸாகலை அணை திட்டமிடப்பட்டு, காணி எடுக்கப்பட்டு, கட்டி முடிக்கப்பட்டு, நீர் நிரப்பப்பட்டது முழுவதும் 1952, 1977 ஆகிய இந்த இரண்டு தேர்தல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில். ஆற்றங்கரையில் வாழ்ந்த பெரும்பான்மை மக்களுக்கு நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கத் தாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய ஒரு வாய் கூட இல்லாத வருடங்கள் அவை. யாரோ திட்டம் போட்டு அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மஸ்கெலியா மூழ்கிய கதையை எழுதும் எவரும் இந்த இரண்டு விஷயங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எழுத முடியாது.

பிற்காலத்தில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தபோது நிலைமை வேறு. தலவாக்கலையில் மக்கள் வீதியில் இறங்கினார்கள். சென்கிளேயர் அருவிக்காகப் பேசினார்கள், வீட்டுக்காகப் பேசினார்கள். எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் பேசியது பத்திரிகையில் பதிவானது, கூட்டக் குறிப்பில் பதிவானது. மவுஸ்ஸாகலைக்கு அப்படி எங்கள் பக்கத்துப் பதிவு என்று ஒன்று என் கண்ணில் பட்டதில்லை.

இருக்கக்கூடிய பதிவும் பாதிதான். அப்போது நடைமுறையில் இருந்தது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம். காணியில் உரித்துள்ளவர் வந்து உரிமை கோரலாம், நட்டஈடு பெறலாம். கடைக்காரருக்குக் காணி உறுதிப் பத்திரம் இருந்திருக்கும். தோட்டக் கம்பனிக்கு நிச்சயம் இருந்திருக்கும். லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறையாகப் பிறந்து செத்தவருக்கு என்ன உறுதி? அந்தக் காம்பராவே தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டுக்கு முன்னால் போட்ட மரக்கறித் தோட்டமும் அப்படித்தான். ஆகவே காணிக் கோப்பில் அவர் பெயர் இருக்காது. அவர் பெயர் எங்காவது இருந்தால் அது செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வேலைநாள் பதிவேட்டில்தான் இருக்கும். அந்தச் செக்ரோல்களோ 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது ஒரு கை மாறின, 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் போனபோது இன்னொரு கை மாறின. எந்தத் தோட்டத்துக் காரியாலய அலுமாரியில் எது கிடக்கிறது, எதைக் கறையான் தின்றது என்று யாராவது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கிடையில், நாடற்றவர்களான எங்களைப் பற்றி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று மனிதரைப் பங்கு போட்டார்கள். அணை எழும்பிக்கொண்டிருந்த அதே வருடங்களில் எங்கள் சனம் தலைமன்னாரில் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. அப்படிப் போனவர்கள் பலர் நீலகிரியில் குடியேறினார்கள்; தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். மூழ்கிய ஊரை நேரில் கண்டவர்களில் ஒரு பகுதியினர் இன்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

வரட்சிக் காலத்தில் நீர் இறங்கும்போது பழைய நகரம் வெளியே வருகிறது. கோவிலின் சுவர், பள்ளிவாசல் இருந்த இடம், விகாரையின் எச்சம், சேறு வெடித்துக் கிடக்கும் பழைய வீதி. பத்திரிகைகள் படம் போடும், இளைஞர்கள் வந்து செல்பி எடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் எப்போதும் இரண்டு மூன்று பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் கோவிலை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. வீதியோரமாக நடந்து, ஒரு அத்திவாரக் கல்லில் செருப்புக் காலை வைத்து, "இது துணிக்கடை, இதுக்கு அடுத்தது சலூன், இந்தப் படியில ஏறினா லயத்துக்குப் போற குறுக்குப் பாதை" என்று பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே போவார்கள். மழை தொடங்கி நீர் ஏறியதும் அதோடு முடிந்தது. யாரும் எழுதி வைப்பதில்லை.

அதனால் கேட்கிறேன். அளவைப் படங்கள், வர்த்தமானி அறிவித்தல்கள், நட்டஈட்டுப் பட்டியல்கள், கட்டுமானக் காலத்து நிழற்படங்கள் எவை உங்கள் பொறுப்பில் இருக்கின்றனவோ அவற்றின் பிரதிகளை மஸ்கெலியாவில், பாடசாலைப் பிள்ளைகள் நேரே போய்ப் பார்க்கக்கூடிய ஓரிடத்தில் வையுங்கள். விளக்கக் குறிப்புகள் தமிழிலும் இருக்கட்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாங்கள் ஒவ்வொருவராக விண்ணப்பம் போடலாம்தான். ஆனால் இது ஒரு ஊரின் பொதுச் சொத்து, தனித்தனியாகக் கேட்டு வாங்கும் தகவல் அல்ல. தோட்டக் கம்பனிகளிடம் உள்ள 1960களின் செக்ரோல்களைத் தேடித் தரும்படி அமைச்சு ஒரு கடிதம் எழுதினால் அதற்கு இருக்கும் மதிப்பே வேறு; எங்களைப் போன்றவர்கள் எழுதினால் பதில் வராது.

இன்னொன்று, இதற்குச் செலவும் குறைவு. அடுத்த முறை நீர்மட்டம் இறங்குவதை முதலில் அறிபவர்கள் அணையில் தினமும் அளவெடுக்கும் உங்கள் ஆட்கள்தான். அந்த வாரமே நில அளவையாளர் ஒருவரை அனுப்புங்கள், எந்தக் கட்டடம் எது என்று அடையாளம் காட்டப் பெரியவர்களை அழைத்துவருவது எங்கள் பொறுப்பு. அணை நிரம்பியபோது இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. இன்னும் பத்து வருடம் கழித்து அளந்தால் சுவர் இருக்கும், அது யாருடைய சுவர் என்று சொல்ல ஆள் இருக்காது.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். எந்தக் கோப்பு இருக்கிறது, எது இல்லை என்ற பட்டியல் ஒன்று வந்தாலே போதும், மீதி வேலையை அங்கிருந்து தொடங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மஸ்கெலியாவிலிருந்து ஒருவர்